ஆராய்ச்சிப் படிப்பு: வரவா, செலவா?

(பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகவும், "அந்தத் தொகையெல்லாம் எழுதிக் கொடுங்க" என்று கேட்டவர்களுக்காகவும் எழுதித் தருகிறேன்.)



அறிவியல் தினத்தில் பேச ஒரு பி.காம். படித்தவனை எதற்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். கவுன்டருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து பணம் எண்ணினேன், லெட்ஜர் போட்டேன். அறிவியல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும். இன்றைக்குச் சொல்ல வந்தது அப்படி நான் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைத்தான்.

அதற்கு முன் கணக்கு எழுதிய இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாளுக்குக் காரணமானவர் சர் சி.வி. ராமன். 1928 பிப்ரவரி 28 அன்று வெளியான அவருடைய கண்டுபிடிப்புக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் முதலில் பார்த்த வேலை என்ன தெரியுமா? இந்திய நிதித்துறையில் கணக்கு அதிகாரி. 1907இல் கல்கத்தாவில் வேலையில் சேர்ந்தார். பகலில் அலுவலகம், காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த ஓர் ஆய்வுச் சங்கத்தின் கூடம். இப்படிப் பல வருடம். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தபோது, அதிகச் சம்பளம் வந்த அரசு வேலையை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் போனார்.

இன்னொருவர் நம் ஈரோட்டில் பிறந்தவர். 1887 டிசம்பர் 22. கணித மேதை ராமானுஜன். கல்லூரித் தேர்வில் தோற்றுப் பட்டம் இல்லாமல் நின்றவர், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். அடுத்த வருடமே, 1913 மே மாதம் முதல், சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எவ்வளவு? மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று அறிக்கை கொடுத்தால் போதும்.

நான் அந்த 30ஐயும் 75ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கிளார்க் சம்பளத்தைவிட ஆராய்ச்சிக்குக் கொடுத்த தொகை இரண்டரை மடங்கு. நூறு வருடத்துக்கு முன்பே நம் மாநிலத்தில் ஆராய்ச்சி செய்பவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்திருக்கிறார்கள். இது எனக்கு 2011இல் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2011இல் நடந்தது

அந்த வருடம் என் மூத்த மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தாள். முடித்த கையோடு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்று ஒரு தேர்வு எழுதியிருந்தாள். ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டது. ஜே.ஆர்.எஃப். என்றால் இளநிலை ஆராய்ச்சியாளருக்கான உதவித்தொகை. நாடு முழுக்க எழுதுகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது கிடைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மாலை நான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கையில் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"அப்பா, அஞ்சு வருசம். அவங்களே மாசாமாசம் பணம் தர்றாங்க."

நான் கடிதத்தை வாங்கக்கூட இல்லை. "சும்மா எவன் கண்ணு பணம் தருவான்? ஃபீஸ், ஹாஸ்டல்னு கடைசியில நம்ம தலையிலதான் வந்து விடியும். பேசாம பேங்க் எக்ஸாம் எழுது" என்றேன்.

அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சொல்லவில்லை. என் மனதில் வேறு ஒரு கணக்கும் ஓடியது. இவள் முனைவர் பட்டம் வாங்கிவிட்டால் அதைவிட அதிகம் படித்த மாப்பிள்ளைக்கு எங்கே போவது? வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள். இப்படி இருந்த காலம். அந்தக் கடிதத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. அதற்குள் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர வேண்டும். கெடு போய்விட்டது. அவள் பி.எட். படித்தாள், கல்யாணம் ஆனது, இப்போது ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். நல்ல டீச்சர் என்று பெயர். என்னிடம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

வாங்கிப் பார்க்காத அந்தக் கடிதத்தில் இருந்த தொகை என்ன? அன்றைய விதிப்படி முதல் இரண்டு வருடம் மாதம் ரூ.16,000, அடுத்த மூன்று வருடம் மாதம் ரூ.18,000. மொத்தம் ரூ.10,32,000. எங்கள் கிளையில் அப்போது புதிதாகச் சேர்ந்த கிளார்க் பையன் வாங்கியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, "பேங்க் எக்ஸாம் எழுது" என்று நான் சொன்ன வேலையின் சம்பளம் அவள் கையில் ஏற்கெனவே இருந்தது. வரவில் எழுத வேண்டியதை நான் பற்றில் எழுதிவிட்டேன். வங்கியில் இப்படிச் செய்திருந்தால் மாலையில் டேலி ஆகாமல் உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பேன். வீட்டுக் கணக்கில் கண்டுபிடிக்க எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது.

எப்படிக் கண்டுபிடித்தேன்? ஓய்வு பெற்ற பிறகு நம் பகுதியில் ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். "பொண்ணுக்கு ஏதோ பிஎச்.டி.க்கு இடம் கெடச்சிருக்குதுங்க. பேங்க்ல எவ்வளவு லோன் குடுப்பாங்க? நகையை வெச்சுப்போடலாமுங்களா?" என்று கேட்டார். இந்த முறை நான் கேட்ட முதல் வார்த்தை, "அந்தக் கடிதத்தைக் கொண்டு வாங்கம்மா" என்பதுதான். கொண்டு வந்தார். கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தேன். அந்தப் பெண்ணுக்கு அவர்கள் பணம் கொடுக்கப் போகிறார்கள். நகை பீரோவுக்கே திரும்பிப் போனது. அந்தப் பெண் இப்போது ஒரு தேசிய ஆய்வகத்தில் மூன்றாம் வருடம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

இன்றைய கணக்கு

இனி விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜே.ஆர்.எஃப். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் ஆகிய ஐந்துக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. கணினி அறிவியல், மின்னணுவியல், சுற்றுச்சூழல் அறிவியல் போன்றவற்றுக்கு யு.ஜி.சி. நெட். பொதுவாக ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை. 2023 ஜனவரி முதல் உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் ரூ.37,000. அதன் பிறகு வேலையை மதிப்பிட்டு முதுநிலைக்கு உயர்த்தினால் மாதம் ரூ.42,000. ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் சரியாக ரூ.24 லட்சம். விடுதி கிடைக்காவிட்டால் ஊரைப் பொறுத்து வாடகைப் படி தனி. புத்தகம், ரசாயனம் போன்ற செலவுக்கு ஆண்டுத்தொகை தனி.

பொறியியல் பிள்ளைகளுக்கு கேட் தேர்வு. அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். ஐ.ஐ.டி.க்களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் முழுநேர ஆராய்ச்சியில் சேர்கிறவர்களுக்கு அங்கேயே உதவித்தொகை உண்டு. எம்.இ. முடித்துத்தான் போக வேண்டும் என்றில்லை. நல்ல மதிப்பெண் இருந்தால் பி.இ. முடித்து நேராகவே சேரும் வழி இருக்கிறது. பி.எஸ்சி. பிள்ளைகள் ஜாம் என்ற தேர்வை எழுதலாம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்கவும், சில நிறுவனங்களில் எம்.எஸ்சி.யையும் பிஎச்.டி.யையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கவும் அதுதான் வாசல்.

இதற்கு மேலே ஒன்று, பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை. 2018-19 பட்ஜெட்டில் வந்தது. முதல் இரண்டு வருடம் மாதம் ரூ.70,000, மூன்றாம் வருடம் ரூ.75,000, நான்கு, ஐந்தாம் வருடங்களில் ரூ.80,000 என்று அறிவித்தார்கள். ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் ரூ.45 லட்சம். ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வேறு. 2025 பட்ஜெட்டில், அடுத்த ஐந்து ஆண்டுகளில் 10,000 பேருக்கு இந்த உதவித்தொகை தருவதாகச் சொன்னார்கள். போட்டி கடுமை. ஆனால் கேட்டுப் பார்க்கக் காசில்லை.

வேளாண்மை, மருத்துவ அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் மூன்றுக்கும் தனித்தனி உதவித்தொகை உண்டு. நம் மாநில அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று மாதம் ரூ.25,000 தரும் திட்டம் கொண்டு வந்திருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பைச் சேர்ந்த முழுநேர ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகையும் உண்டு.

இன்னொரு மாற்றம் 2024இல் வந்தது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும், அடுத்த நிலைகளில் தேர்ச்சி பெற்றால் அந்த மதிப்பெண்ணை வைத்துப் பல பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்குச் சேரலாம். மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி நுழைவுத் தேர்வு எழுதி அலைவது குறைந்திருக்கிறது. இந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜே.ஆர்.எஃப்.க்கு 30 வயது வரம்பு. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 35 வரை தளர்வு. பிஎச்.டி. படிப்புக்கு வயது வரம்பே கிடையாது. இந்த இரண்டையும் நம் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

இது என்ன படிப்பு?

"எம்.எஸ்சி.யே பெரிய படிப்புத்தானே, அதுக்கு மேல அஞ்சு வருசம் என்னத்தைப் படிக்கறாங்க?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். மற்ற படிப்புகளில் ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதில் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். முதலில் சில பாடங்கள். பிறகு ஒரு நெறியாளரின் கீழ், அதாவது கைடின் கீழ், ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு குழுவின் முன்னால் கணக்குக் காட்ட வேண்டும். கடைசியில் ஆய்வேட்டை வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்துப் பார்த்து, எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பட்டறையில் மேஸ்திரியிடம் இருந்து தொழில் கற்பதைப் போலத்தான். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம் என்பது யு.ஜி.சி.யின் 2022 விதி. பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல், 240 நாள் வரை பேறுகால விடுப்பு.

யாருக்கும் தெரியாத ஒன்று என்றால் எப்படி? இதற்கு நாம் தூரமாகப் போக வேண்டியதில்லை. கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியது. ஏன் இங்கே? கரும்பு பூத்து விதை பிடிக்க நம் ஊர்த் தட்பவெப்பம் தோது. தென்னாட்டுக் கரும்பு இனிக்கும், ஆனால் வடநாட்டுக் குளிர் தாங்காது. காட்டில் தானாக முளைக்கும் பேய்க்கரும்பு எதையும் தாங்கும், ஆனால் இனிப்பு இல்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? இதுதான் கேள்வி. பார்பர் என்ற வெள்ளைக்காரரும் நம் டி.எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து பார்த்தார்கள். 1918இல் வந்தது கோ 205 என்ற ரகம். பஞ்சாப் வரை போய் வேரூன்றியது. அந்த "கோ" என்பது கோயமுத்தூர். 2009இல் வந்து உத்தரப் பிரதேசத்துக் கரும்புக் காடெல்லாம் பரவிய கோ 0238இலும் அதே "கோ" இருக்கிறது. அது அந்த நிலையத்தின் கர்னால் கிளையில் உருவானது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னொரு செய்தி. 1931இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ஜானகி அம்மாள், அதன் பிறகு வந்து ஆராய்ச்சி செய்தது இந்தக் கரும்பு நிலையத்தில்தான். தலச்சேரியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அவரை அனுப்பி வைத்த குடும்பம் ஒன்று இருந்திருக்கிறது. எண்பது வருடம் கழித்து நான் அனுப்பவில்லை.

நம் மதுக்கரைக்கே வாருங்கள். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 பிப்ரவரியில் நம் மதுக்கரை வனச்சரகத்தில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் நிறுத்தி, இருட்டில் உடம்புச் சூட்டைக் கண்டுபிடிக்கும் கேமராக்களை வைத்தார்கள். யானை வந்தால் செயற்கை நுண்ணறிவு அடையாளம் கண்டு ரயில்வேக்கும் வனத்துறைக்கும் உடனே தகவல் போகிறது. இருட்டில் தெரியும் ஒரு வெளிச்சப் புள்ளி யானையா மாடா என்று கணினிக்குச் சொல்லித் தந்ததற்குப் பின்னால் எத்தனையோ பேருடைய பல வருட ஆய்வு இருக்கிறது. அப்படிப்பட்ட வேலைக்குத்தான் மாதம் 37,000 கொடுத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள்.

எங்கே போக வேண்டும் என்றால், பக்கத்தில் எட்டிமடையிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. மருதமலை ரோட்டில் பாரதியார் பல்கலைக்கழகம். லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம். ஆர்.எஸ்.புரம் பக்கம் வன மரபியல் நிறுவனம். ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம். அவினாசி ரோட்டில் ஜவுளி ஆராய்ச்சிக்கு சிட்ரா. நாம் பஸ்ஸில் தாண்டிப் போகும் காம்பவுண்டுச் சுவர்கள்தான் இவை. பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போது அறிவியல் தினத்தில் ஒருமுறை உள்ளே கூட்டிப் போங்கள். பல இடங்களில் அன்று பார்க்க விடுவார்கள்.

"நம்ம ஊர்ப் பையனால முடியுமா?" என்ற கேள்விக்குப் பதில் கிணத்துக்கடவுப் பக்கத்துக் கோதவாடி. மயில்சாமி அண்ணாதுரை அங்கிருந்து அரசுப் பள்ளி வழியாக ஜி.சி.டி.க்கும் பி.எஸ்.ஜி.க்கும் போய், 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். முனைவர் பட்டம் வாங்கியது வேலையில் இருந்துகொண்டே. 2023இல் சந்திரயான் 3ஐ நிலவில் இறக்கிய திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோவில் தொடங்கி, கடைசியில் சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. முடித்தவர்.

கையெழுத்துப் போடுமுன்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாலிசி விற்பவர் பேச்சாகிவிடும். கஷ்டத்தையும் சொல்கிறேன்.

ஆராய்ச்சியில் சேரும் எல்லோருக்கும் உதவித்தொகை கிடைப்பதில்லை. உதவித்தொகை இல்லாமல், தாங்களே ஃபீஸ் கட்டிக்கொண்டு படிக்கிறவர்கள் நிறையப் பேர். அங்கே அது செலவுதான். கிடைப்பவர்களுக்கும் சில நேரம் பணம் மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது. ஐந்து வருடம் உழைத்தும் சோதனை பலிக்காமல் போகலாம். முடித்தவுடன் கல்லூரி வேலை கையில் வந்து விழும் என்பதும் கிடையாது. ஆகவே லோன் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுமுன் பார்ப்பதைப் போல நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, பணம் யார் தருகிறார்கள், எத்தனை மாதத்துக்கு? வாய்மொழியாக வேண்டாம், கடிதத்தில் இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் பணத்தில் எடுக்கிறார்கள் என்றால், ப்ராஜெக்ட் மூன்று வருடத்தில் முடிந்தால் நான்காம் வருடம் என்ன என்று கேளுங்கள்.

இரண்டு, கைடு யார்? கல்லூரியின் பெயரைவிட இது முக்கியம். கல்யாணத்துக்கு விசாரிப்பது போல விசாரிக்க வேண்டும். அவரிடம் ஏற்கெனவே படித்து முடித்த இரண்டு பேரிடமாவது பேசுங்கள். எத்தனை வருடத்தில் விட்டார், மரியாதையாக நடத்தினாரா என்று கேளுங்கள். ஒரு பேராசிரியர் ஒரு நேரத்தில் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் நாடு முழுக்க வந்த ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். அந்த கைடிடம் படித்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று, அந்தப் பல்கலைக்கழகம் ஒழுங்கானதா? ஒழுங்காகப் பட்டம் தரவில்லை என்று ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து வருடத்துக்குப் பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கவே கூடாது என்று 2025 ஜனவரியில் யு.ஜி.சி. தடை போட்டது. "ஒரே வருசத்துல முடிச்சுத் தர்றோம், தீசிஸும் நாங்களே எழுதிடுவோம்" என்று ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள். கள்ள நோட்டு கையில் இருக்கும்வரை நோட்டு மாதிரிதான் இருக்கும். கவுன்டருக்கு வரும்போதுதான் தெரியும்.

நான்கு, பிள்ளைக்கு இதில் விருப்பம் இருக்கிறதா? வேலை கிடைக்காததால் சும்மா இருப்பதற்குப் பதில் என்று சேர்ந்தால் ஐந்து வருடம் ஓடாது. அதேபோல, விருப்பம் இருக்கிற பிள்ளையை வேண்டாம் என்று நிறுத்துவதும் தப்பு. இரண்டாவதை நான் செய்திருக்கிறேன்.

அன்று கேட்ட கேள்விகள்

பேசி முடித்ததும் சிலர் கேட்டார்கள். அதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

"தமிழ் மீடியத்துல படிச்ச புள்ளைக்கு முடியுமுங்களா?" முடியும். ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண் போகிறது. பி.எஸ்சி. முதல் வருடத்திலேயே பழைய வினாத்தாள்களை எடுத்து வாரம் பத்துக் கேள்வி போட்டுப் பழகினால் எம்.எஸ்சி. முடிவதற்குள் கை வந்துவிடும்.

"வெளிநாடுன்னா அம்பது லட்சம் வேணுமாமே?" எம்.எஸ். படிப்புக்குத்தான் அப்படிப்பட்ட தொகை. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் பிஎச்.டி.க்கு இடம் கொடுத்தால் பெரும்பாலும் ஃபீஸைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்தவோ ஆய்வில் உதவவோ வைத்து மாதம் பணமும் தருகிறார்கள். ஜெர்மனியில் பல இடங்களில் ஆராய்ச்சி மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். பிஎச்.டி.க்கு ஏஜெண்டுக்கு லட்சம் கொடுக்க வேண்டியதே இல்லை. பேராசிரியருக்கு மாணவரே நேராக மின்னஞ்சல் எழுதலாம்.

"வேலைக்குப் போயிட்டே படிக்கலாமுங்களா?" பகுதிநேரமாகப் படிக்க விதி இடம் தருகிறது. வேலை செய்யும் இடத்தில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் தன் மருமகளுக்காகக் கேட்டார். அதனால் கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பேச்சை எழுதி முடித்ததும் மகளிடம் காட்டினேன். "உன்னப் பத்திப் பேசலாமா கண்ணு, வேண்டாமா?" என்று கேட்டேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பேசுங்கப்பா. ஆனா தொகையைச் சரியாப் போட்டிருக்கீங்களான்னு ஒருக்கா கூட்டிப் பாத்துக்கங்க" என்றாள்.

அவளுக்கு இப்போது 38 வயது. ஜே.ஆர்.எஃப். வாசல் 35லேயே மூடிவிட்டது. ஆனால் பிஎச்.டி.க்கு வயது இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் வைஸ்-பிஎச்டி என்று ஒரு திட்டம் இருக்கிறது. 27 முதல் 45 வயது வரையுள்ள, நடுவில் படிப்பு நின்றுபோன பெண்களுக்கும் உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி செய்ய வைக்கும் திட்டம். அதன் அறிவிப்பு எப்போது வருகிறது என்று நான் வாரம் ஒருமுறை அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் வரும் நெட் தேர்வை எழுதுகிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பதினைந்து வருடப் பாடத்தைத் தூசி தட்ட வேண்டும். கிடைக்குமா என்று தெரியாது.

சனி, ஞாயிறுகளில் பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் எங்கள் வீட்டு முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். என்னால் இப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் நாளைக்கு ஒரு பிள்ளை கடிதத்தோடு வந்து நிற்கலாம். ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலில் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். புரியாவிட்டால் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.